அபிடவிட்: பெயராகிப்போன ஒரு லத்தீன் வினைமுற்று

"ஒரு அபிடவிட் போட்டுக் கொண்டுவாங்க" என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை, தொலைந்துபோன மதிப்பெண் சான்றிதழ், வாரிசு விவகாரம், எதுவானாலும் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுகிறோம். தேர்தலில் நிற்பவர் வேட்புமனுவோடு சொத்து விவரமும் வழக்கு விவரமும் எழுதிக் கொடுப்பதும் இதில்தான். நாம் பெயர்ச்சொல்லாகப் புழங்கும் இந்தச் சொல், பிறந்த இடத்தில் பெயர்ச்சொல்லே அல்ல. அது ஒரு வினைமுற்று. நேர்ப்பொருள்: 'உறுதி கூறினார்'.

மூல வினை அஃபிடாரே. 'அத்' என்ற முன்னொட்டோடு, நம்பிக்கையைக் குறிக்கும் 'ஃபித்' என்ற வேர் சேர்ந்து உருவானது. பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்து லத்தீனில் இந்த வினை கிடையாது. இடைக்காலத்து லத்தீனில் வந்தது. வேர் மட்டும் மிகப் பழையது. ஃபிதேஸ் என்றால் நம்பிக்கை, கொடுத்த வாக்கைக் காத்தல். ரோமானியர் அதைத் தெய்வமாக்கி, ரோம் நகரத்தின் கேப்பிடோலின் குன்றில் கோயிலும் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களுடைய நாணயங்களில் இரு கைகள் பற்றிக்கொண்டிருக்கும் சின்னம் இந்த ஃபிதேஸுக்கு உரியது. கையில் அடித்துச் சத்தியம் செய்யும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அஃபிடாரே நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. பெண்ணுக்கு மண வாக்குக் கொடுப்பதற்கும் அதுவே சொல். நிச்சயிக்கப்பட்ட மணமகனைக் குறிக்கும் 'ஃபியான்சே' என்ற பிரெஞ்சுச் சொல்லும் இதே குடும்பம்தான். நம் அகப்பாடல்களிலும் தலைவன் தலைவிக்குச் சூள் உரைக்கிறான், அதாவது சத்தியம் செய்கிறான்; தவறினால் அது பொய்ச்சூள், அதற்குத் தெய்வம் தண்டிக்கும் என்று தோழி அஞ்சுகிறாள். இன்று பொய் அபிடவிட்டுக்குத் தண்டனை தரச் சட்டம் இருக்கிறது. வேட்பாளர் அதில் பொய் சொன்னால் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை.

சரி, வினை எப்படித் திரிகிறது? தமிழருக்கு லத்தீன் வினை அந்நியமாகத் தெரியாது. இரண்டிலும் எழுவாய் வினைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 'கூறினார்' என்பதைக் கூறு + இன் + ஆர் என்று பிரிப்பதுபோல, இதை அஃபிடா + வ் + இத் என்று பிரிக்கலாம்: பகுதி, இடைநிலை, விகுதி. நிகழ்காலத்தில் அஃபிடோ என்றால் உறுதி கூறுகிறேன், அஃபிடாஸ் என்றால் கூறுகிறாய், அஃபிடாத் என்றால் கூறுகிறார். முடிந்த செயலுக்கு அஃபிடாவி (கூறினேன்), அஃபிடாவிஸ்தி (கூறினாய்), அஃபிடாவித் (கூறினார்). பன்மையில் அஃபிடாவிமுஸ், அஃபிடாவிஸ்திஸ், அஃபிடாவேருந்த். கறாரான இலக்கண வாத்தியார் யாராவது பதிவாளராக இருந்தால், கணவனும் மனைவியும் சேர்ந்து கொடுப்பதை 'அஃபிடாவேருந்த்' என்று திருத்தி வாங்கியிருப்பார். ஒரு வேறுபாடும் உண்டு: கூறினான், கூறினாள், கூறினார் என்று நாம் மூன்றாகப் பிரிப்பதை லத்தீன் ஒரே 'இத்' விகுதியில் அடக்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எதிர்காலம். அஃபிடாவித் என்றால் 'உறுதி கூறினார்'. அஃபிடாபித் என்றால் 'உறுதி கூறுவார்'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். நன்னூல் ப், வ் இரண்டையுமே எதிர்கால இடைநிலை என்கிறது. லத்தீனிலோ வ் கடந்ததற்கு, ப் வரப்போவதற்கு. பிற்காலப் பேச்சு லத்தீனில் இந்த இரண்டு ஒலிகளும் உயிர்களுக்கு நடுவே ஒன்றாகக் கலந்துவிட்டன. சொன்னாரா, சொல்வாரா என்று காதுக்குத் தெரியாமல் போனதும், அந்த எதிர்கால வடிவம் வழக்கொழிந்ததற்கு ஒரு காரணம்.

இன்னொரு விசித்திரம்: ஆவணத்துக்கு உள்ளே 'ஆகிய நான் உறுதி கூறுவதாவது' என்று தன்மையில் எழுதுகிறோம். தலைப்போ 'அவர் உறுதி கூறினார்' என்று படர்க்கையில் நிற்கிறது. உள்ளே இருப்பது சத்தியம் செய்பவர் குரல், தலைப்பில் இருப்பது அதைக் கேட்டுப் பதிந்தவர் குரல். இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சட்ட வழக்குக்குள் வந்து, அப்புறம் ஆங்கிலேயரின் நீதிமன்றங்களோடு நம்மிடமும் வந்து சேர்ந்தது.

இனி தமிழ். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'பிரமாணப் பத்திரம்'. பதவிப் பிரமாணம் பழக்கமான சொல் என்பதால் இது எளிதில் புரியும். இலங்கையில் 'சத்தியக் கடதாசி'. 'உறுதிமொழிப் பத்திரம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சம்மதமில்லை. பள்ளியில் எடுக்கும் உறுதிமொழி இனி செய்யப்போவதைப் பற்றியது, அது அஃபிடாபித். அபிடவிட்டில் நாம் சொல்வது 'நடந்தது இது, உள்ளது இது, இது உண்மை' என்பது. 'உறுதி ஆவணம்' என்று சுருக்கினால் யாழ்ப்பாணத்தார் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'ஆணையுறுதி' என்றால் அரசாணை நினைவுக்கு வரும். சூளுரையைக் கொண்டுவரலாமென்றால், மேடைப் பேச்சு அதைச் சவால் என்ற பொருளுக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

சத்தியம் என்றால் கடவுள் பெயரில்தானே என்று கேட்கலாம். இந்தியாவின் 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் கடவுளறியவும் கூறலாம், உளமாரவும் கூறலாம் என்றே இடம் விட்டிருக்கிறது. சத்தியம் என்ற சொல்லுக்கும் உண்மை என்பதுதான் முதல் பொருள். ஆகவே என் ஓட்டு சத்தியக் கடதாசிக்கு. தூய தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் 'மெய்யுரை ஆவணம்' என்று எழுதிப் பார்க்கலாம். நோட்டரியிடம் போகும்போது மட்டும் அபிடவிட் என்றே கேளுங்கள்.