உப்பில் ஒரு துளி தாலியம்

மழைக்காலத்தில் மும்பையின் செம்பூர் வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்தால், உப்பு கசிந்து ஈரமாகியிருக்கும். அதில் நாலு அரிசியைப் போட்டு வைப்பது இங்குள்ள தமிழர்களுக்குப் பழகிப்போன வேலை. அந்தச் சமையல் உப்பின் நெருங்கிய உறவான சோடியம் அயோடைடு, பரேலில் உள்ள மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவுகளில், ஊசி வழி செலுத்திய கதிரியக்கப் பொருளால் நோயாளியின் உடலிலிருந்து வரும் காமா கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஈரத்தை இழுப்பதில் இது சமையல் உப்பை விஞ்சும் என்பதால், அலுமினிய உறைக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, ஒளி வெளியேற ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணாடி வைத்து மூடுகிறார்கள். உறையில் மயிரிழை விரிசல் விழுந்து ஈரம் புகுந்தால், அந்த இடத்தில் படிகம் மஞ்சளாகிவிடும்; பிறகு அரிசி போட்டுப் பயனில்லை.

காமா கதிருக்கு மின்னூட்டம் கிடையாது. படிகத்துக்குள் அது ஓர் எலக்ட்ரானிடம் தன் ஆற்றலைக் கொடுத்த பிறகே அதன் வரவு தெரியவரும். அயோடினின் அணு எண் 53. அத்தனை எலக்ட்ரான்கள் கொண்ட கனத்த அணு என்பதால் கதிர் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. அடிபட்ட எலக்ட்ரான் ஓடும் வழியெங்கும் மேலும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைப் படிகத்தின் கீழ் ஆற்றல் பட்டையிலிருந்து மேல் ஆற்றல் பட்டைக்குத் தூக்கிவிடுகிறது. தூய சோடியம் அயோடைடாக இருந்தால், அறை வெப்பநிலையில் அவை திரும்பி இறங்கும்போது ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாலியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால், இரு பட்டைகளுக்கும் இடையே படிக்கட்டுகள் அமைந்தது போலாகி, இறங்கும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா நிற ஒளியை உமிழ்கின்றன. இந்த ஒளியின் ஆற்றல் பட்டை இடைவெளியைவிடக் குறைவு என்பதால் படிகம் தன் ஒளியைத் தானே விழுங்கிவிடுவதில்லை. தாலியத்தின் பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

தாலியம் கலந்த சோடியம் அயோடைடு இப்படி ஒளிர்வதை அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948-இல் காட்டினார். அவருக்கு 1961-இல் கிடைத்த நோபல் பரிசு வேறொரு ஆய்வுக்காக. அதற்கு முன், அணு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் தோன்றும் மினுக்குகளை இருட்டில் உட்கார்ந்து கண்ணால் எண்ணினார்கள். பொடிப் பூச்சு தன் ஒளியையே சிதறடித்து மறைத்துவிடும். தடிமனாகப் பூசிப் பயனில்லை. அதனால்தான் முழுப் படிகம் வேண்டும். ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகும் உப்பை, மணிக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மெல்லக் குளிரவிட்டு அதை வளர்க்கிறார்கள். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய படிகங்களை வளர்க்கிறார்கள்.

கதிரின் ஆற்றல் கூடக் கூட ஒளியும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது: 1,000 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஒளித்துகள்கள். நோயாளிக்கு ஊசி வழி செலுத்தும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் சுமார் 5,000 ஒளித்துகள்களைத் தரும். உடலுக்குள் மோதித் திசைமாறிய கதிர் ஆற்றலை இழந்திருப்பதால், அது தரும் ஒளியும் குறைவு. படிகத்தை ஒட்டியுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய்கள் இந்த ஒளியை மின்துடிப்பாக மாற்ற, 126 முதல் 154 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றலைக் காட்டும் துடிப்புகளை மட்டும் கருவி ஏற்று, மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. படம் தெளிவாக வருவதற்கு இந்த வடிகட்டல் இன்றியமையாதது.

இப்படிப் படமெடுக்கும் கருவியான காமா கேமராவின் படிகம் அரை மீட்டர் அகலமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பலகை. வெப்பநிலை சட்டென்று மாறினால் அதில் விரிசல் விழுந்துவிடும். ஆகவே ஆளில்லாத இரவிலும் அந்த அறையின் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

அங்கே வேலை செய்பவரின் சட்டையில் தொங்கும், அவர்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி அட்டையில் இருப்பது வேறு உப்பு: டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட். இதில் எலக்ட்ரான்கள் உடனே இறங்காமல் படிகக் குறைகளில் சிக்கி மாதக்கணக்கில் காத்திருக்கும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் சூடேற்றும்போது அவை விடுபட்டு ஒளிர, அந்த ஒளியை அளந்து அவர் பெற்ற கதிர்வீச்சைக் கணக்கிடுகிறார்கள். பிறகு அதே உப்பு வில்லைகளை மீண்டும் சூடாக்கி, மிச்சத்தையும் அழித்துவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.