முதல் பீடி எத்தனை மணிக்கு?

"பீடி பிடிப்பீங்களா?"

"ஆமா சார்."

"விட்டுடுங்க, நுரையீரல் போயிடும்."

"சரிங்க சார்."

ஓ.பி. சீட்டில் 'புகை நிறுத்த அறிவுரை கூறப்பட்டது' என்று பயிற்சி மருத்துவர் எழுதினார். மொத்தம் பத்து விநாடி. பெரியவர் நேராக வாசல் டீக்கடைக்குப் போய்ப் பற்றவைத்தார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருஷம் இப்படித்தான். புகையிலையால் வரும் நோய்களைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். விட நினைப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. 2016-17 தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் மருத்துவரைப் பார்த்த புகைபிடிப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் 'விடுங்கள்' என்ற வார்த்தையே கிடைத்திருந்தது. அதிலும் எத்தனை இந்தப் பத்து விநாடி ரகமோ!

இப்போது பயிற்சி மருத்துவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் ஒருவரை நோயாளியாக உட்காரவைத்து இன்னொருவரைப் பேசச் சொல்கிறேன். முதலில் சிரிப்பார்கள். "எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" என்று கேட்கப் பழக்குவேன். அரை மணிக்குள் என்றால், புகையிலையில் இருந்து அடிமையாக்கும் நிகோட்டினின் பிடி பலம். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மிகப் பலம். 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்றால் குறைத்துத்தான் சொல்வார்கள். முதல் பீடி நேரத்தைச் சொல்வதில் திட்டு வாங்க ஒன்றுமில்லை என்பதால் உண்மை வந்துவிடும்.

அப்புறம், புகையை விட உதவும் மருந்தான நிகோட்டின் சூயிங்கம். நான் எழுதிக்கொடுத்த லாரி ஓட்டுநர் ஒருவர் பத்து நாளில் திரும்பி வந்தார். "நெஞ்சு எரியுது, விக்கல் வேற. பீடியே தேவலை சார்." டீயோடு சேர்த்து விடாமல் மென்று விழுங்கியிருக்கிறார். தப்பு என்னுடையது. மருந்து வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். காரம் தெரியும்வரை நிதானமாக மெல்லணும். தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கணும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லணும். இப்படி அரை மணி நேரம். டீ, காபி குடித்தால் 15 நிமிடமாவது இடைவெளி வேண்டும். இப்போது வகுப்பில் ஆளுக்கொரு சாதாரண சூயிங்கம் கொடுத்து மென்று ஒதுக்கச் சொல்கிறேன். தானே செய்து பார்த்தவருக்குத்தான் விளக்க வருகிறது.

விட்ட முதல் மூன்று நாளில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். நாமோ மாத்திரை தீரும் கணக்கில் ஒரு மாதம் கழித்து வரச் சொல்கிறோம். அதனால் சீட்டில் விடும் தேதியை எழுதி, மூன்றாம் நாள் பயிற்சி மருத்துவரே போன் செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சீட்டின் ஓரத்தில் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணும் இருக்கும்; அதில் தமிழிலும் பேசலாம். போன வாரம் அப்படிப் போன் செய்தபோது எடுத்தது நோயாளியின் மனைவி. "ரொம்ப எரிஞ்சு விழறாரு டாக்டர், ஆனா இன்னும் பிடிக்கலை" என்றார்.