ஊர் சுற்றப் போகிறீர்களா? முதலில் பில்லைப் பாருங்கள்

பெரிய ஊருக்குக் குடும்பத்தோடு நாலு நாள் போய்வர வேண்டுமென்றால் ரயில் டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுகிறோம். காசு கரைவது அங்கே போன பிறகுதான், அதுவும் சாப்பாட்டு பில், தண்ணீர் பாட்டில், நுழைவுச்சீட்டு என்று பத்தும் இருபதுமாக, எங்கே போனதென்றே தெரியாமல். இந்த இடங்களில் எல்லாம் நம் பக்கம் நிற்கிற விதி ஏற்கனவே இருக்கிறது. ஆனால் கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை. அதனால் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

சாப்பாட்டு பில்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். சென்னையில் ஒரு ஏசி ரெஸ்டாரன்டில் நாங்கள் நாலு பேர் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். சாப்பாடு 1,240 ரூபாய். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 124 ரூபாய். இரண்டையும் கூட்டி, 1,364 ரூபாய்க்கு மத்திய அரசின் பங்கு சிஜிஎஸ்டி 34.10, மாநில அரசின் பங்கு எஸ்ஜிஎஸ்டி 34.10. மொத்தம் 1,432.20. சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் போட்டிருந்தால் 1,302 ரூபாய்தான் வந்திருக்கும். அந்த சார்ஜ் ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் மேலேயும் வரி போட்டிருக்கிறார்கள் பாருங்கள். நிறைய பேர் அதையும் அரசாங்க வரி என்றே நினைத்துக் கட்டிவிட்டு எழுந்து வருகிறார்கள்.

சர்வீஸ் சார்ஜ் வரி கிடையாது, அந்தப் பணத்தில் ஒரு பைசாகூட அரசுக்குப் போகாது, அது முழுக்க ஓட்டல்காரர் தானாகப் போட்டுக்கொள்வது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்காகவே வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, கொடுக்கவில்லை என்பதற்காக உள்ளே விடாமல் இருக்கக் கூடாது, சாப்பாட்டு விலையோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. இவ்வளவும் அதில் தெளிவாக இருக்கிறது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அந்த மாதமே இடைக்காலத் தடை வந்துவிட்டது. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது, மனுப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, பில்லைப் பார்த்ததும் கேட்கலாம்.

அன்றைக்கு நான் கேட்டேன். "தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க" என்றேன். "சார், அது சிஸ்டத்துலயே வந்துடுது" என்றார் அந்தப் பையன். "சரிப்பா, மேனேஜரைக் கொஞ்சம் வரச் சொல்லு" என்றேன். மேனேஜர் வந்து பில்லைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் 1,302 ரூபாய்க்குப் புது பில்லோடு வந்தார். மொத்தம் அஞ்சு நிமிஷம். பரிமாறிய பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதனால் அவரிடம் குரலை உயர்த்த வேண்டாம். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் போகிற பணம் அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பது நமக்குத் தெரியாது.

எடுக்க மாட்டோம் என்று சொன்னால்? அங்கேயே உட்கார்ந்து 1915க்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். வண்டிக்கு நேரமாகிறது, சண்டை வேண்டாம் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்துவிடுங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும். அப்புறம் வெளியூர் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லியில் சாப்பிட்ட பில்லுக்கு மதுரை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியும், ஆன்லைனிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. முன்பெல்லாம் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டும் என்பதாலேயே பலர் விட்டுவிடுவார்கள்.

பில்லில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சாதாரண ரெஸ்டாரன்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது இரண்டரையும் இரண்டரையும். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் அதேதான். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கிற ரெஸ்டாரன்டில் மட்டும் 18 சதவீதம் வரும், அதனால் லாபியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம் என்று நினைத்தால் விலையோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அதற்கு மாநில வரிதான். சாப்பாட்டையும் அதையும் ஒரே பில்லில் போட்டு மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது தவறு.

இதில் சின்னக் கடைகள் விஷயம்தான் பலருக்குத் தெரியாது. 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண் பில்லில் இல்லாத கடை, ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33, டெல்லிக்கு 07. எண் இருந்தும் வரி வாங்க உரிமை இல்லாத கடைகளும் உண்டு. வருஷ வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் கடைகள் காம்போசிஷன் என்ற முறையில் சேர்ந்துகொள்ளலாம், அப்படிச் சேர்ந்தவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது, தாங்கள் அந்த முறையில் இருப்பதைக் கடையில் பலகை வைத்துச் சொல்லவும் வேண்டும். பலகையில் காம்போசிஷன் என்று இருந்து பில்லில் 5 சதவீதமும் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

ரூம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாள் வாடகை 7,500 வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 12 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். வெயிலில் சுற்றும்போது ஒரு ஆளுக்கு நாளைக்கு மூணு பாட்டில் சாதாரணமாகப் போகும். பாட்டிலில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. கடைக்காரர் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளிலேயே இருக்கிறது. கூலிங்குக்காக ரெண்டு ரூபாய் என்று கேட்பது வழக்கமாகிவிட்டதே தவிர, விதியில் அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இதற்குத் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம், எந்த ஊராக இருந்தாலும் 1915 இருக்கிறது.

ஆனால் ஓட்டலில் உட்கார்ந்து கேட்டால் கதை வேறு, இதைத் தெரியாமல் போய் வாதாட வேண்டாம். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓட்டல்களும் ரெஸ்டாரன்டுகளும் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அங்கே போகிறவர் வெறும் பாட்டில் வாங்கப் போகவில்லை, இடமும் சேவையும் சேர்ந்துதான் பெறுகிறார் என்பது அதற்குச் சொன்ன காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் இன்றைக்கு நிலைமை அதுதான். அதனால் உட்கார்ந்ததும், பாட்டிலை மேஜையில் வைத்து மூடியைத் திறப்பதற்குள், "சாதா தண்ணி குடுங்க" என்று சொல்லிவிடுவதுதான் வழி.

ரயில் நிலையத்தில் ரயில்வேயின் 'ரயில் நீர்' பாட்டில் லிட்டர் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய். 2025 செப்டம்பரில் தலா ஒரு ரூபாய் குறைத்தார்கள், இன்னமும் 15, 20 என்று கேட்டால் பாட்டிலைத் திருப்பி விலையைக் காட்டுங்கள். ரயிலில் பில் கொடுக்கவில்லையென்றால் சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது ரயில்வே சொன்னதுதான், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2023லிருந்து பல நிலையங்களில் ஜெனரல் பெட்டிகள் வந்து நிற்கிற இடத்துக்கு நேராக 20 ரூபாய்க்குப் பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் விற்கிறார்கள், 50 ரூபாய்க்குக் கொஞ்சம் பெரிய பொட்டலம் இருக்கிறது. விமானத்தில் போகிறவர்கள் சென்னை, கொல்கத்தா விமான நிலையங்களில் உடான் யாத்ரி கஃபே எங்கே என்று கேளுங்கள், டீயும் தண்ணீரும் 10 ரூபாய்க்குத் திறந்த கடை அது.

அரசு உணவகங்களுக்கு வெளியூர்க்காரர்கள் ஏனோ தயங்குகிறார்கள். சென்னையில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பெங்களூரில் 2017ல் வந்த இந்திரா கேன்டீனில் காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டிலும் ரேஷன் கார்டோ அடையாள அட்டையோ கேட்பதில்லை, உள்ளூர்க்காரரா என்றும் கேட்பதில்லை. நேரத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.

பஸ் விஷயத்தில் மட்டும் சில இடங்களில் ஊர் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, எந்த அட்டையும் காட்ட வேண்டாம், ஏறி உட்கார்ந்து சீட்டு வாங்கிக்கொள்ளலாம். திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் ஒருவருக்கும் இது உண்டு. கர்நாடகத்தின் இலவச பஸ் திட்டமான சக்தி அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும், முகவரி உள்ள அட்டை காட்டவேண்டும். அதனால் இங்கிருந்து போகிறவர்கள் பஸ் செலவைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, பார்க்கிற இடங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது, சும்மா உள்ளே போகலாம். சீட்டு வாங்கவேண்டிய இடங்கள் ஏ, பி என்று இரண்டு வகை. 2018 ஆகஸ்டில் நிர்ணயித்தபடி இந்தியர்களுக்கு ஏ வகைக்கு 40 ரூபாய், பி வகைக்கு 25 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் இரண்டிலும் 5 ரூபாய் குறைவு. மாமல்லபுரமும் டெல்லி குதுப் மினாரும் ஏ வகை. அன்றைக்கு பில்லிலிருந்து மிஞ்சிய 130 ரூபாயில் மூணு பேர் மாமல்லபுரம் பார்க்கலாம். தாஜ்மஹாலுக்குத் தனிக் கணக்கு, நுழைய 50, மேலே சமாதிக்குப் போக இன்னும் 200, வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சின்னங்களில் சீட்டே வேண்டாம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. 13, 14 வயதில் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு கவுன்டரில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள், பள்ளி அடையாள அட்டையோ ஆதாரோ போனில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இலங்கையிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெளிநாட்டவருக்கு ஏ வகைச் சின்னங்களில் 600 ரூபாய், ஆனால் சார்க், பிம்ஸ்டெக் என்ற அண்டை நாடுகளின் கூட்டமைப்புகளில் உள்ள நாட்டவருக்கு இந்தியர்களுக்குரிய 40 ரூபாய்தான், இலங்கை இரண்டு அமைப்பிலும் இருக்கிறது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வருகிறவர்களிடம் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் அவர்களுக்கும் இந்தியக் கட்டணமே. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ரூமில் பூட்டிவிட்டு வரவேண்டாம், கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். கவுன்டரில் அதைப் பார்த்துத்தான் 40ஆ 600ஆ என்று முடிவு செய்வார்கள்.