காலி நிலமெல்லாம் கால்பந்து அரங்காகாது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் கால்பந்து அரங்குக்கு இடம் பார்க்கப் போயிருந்தோம். ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி முப்பது ஏக்கர். பங்குனி வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "அரசு நிலம், வழக்கு இல்லை, ஆக்கிரமிப்பும் இல்லை. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?" என்றார்கள் உடன் வந்தவர்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் அளவு நாடா இழுப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "ஐப்பசியில் வந்து பாருங்கள் ஐயா, இடுப்பளவு தண்ணீர் நிற்கும்" என்றார். வேலிக்கருவைப் புதருக்குள் மறைந்திருந்த மதகையும் அவரே விலக்கிக் காட்டினார்.

அது ஏரி. அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அரங்கு வேண்டுமானால் தப்பிக்கும். அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருக்களில் வீடுவீடாக நுழையும். ஆனால் ஏரியாக இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தை வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். பேருந்து நிலையம் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்து இருபதாயிரம் பேர் வெளியே வந்தால், அவர்கள் வீட்டுக்குப் போக அங்கே வழியே இல்லை.

ஊரைவிட்டுத் தள்ளிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் டுரின் நகரம் நல்ல சாட்சி. 1990 உலகக் கோப்பைக்காக நகரின் விளிம்பில் டெல்லே ஆல்பி அரங்கைக் கட்டினார்கள். ஏறத்தாழ 69,000 இருக்கைகள். ஆடியது இத்தாலியின் பெரிய கால்பந்து அணியான ஜுவென்டஸ், ரசிகர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. 2001-02 பருவத்தில் நடந்த இத்தாலியக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு வந்தவர்கள் 237 பேர். தூரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆடுகளத்தைச் சுற்றி அமைத்த தடகள ஓடுபாதை.

அந்த ஓடுபாதை செய்யும் கேட்டைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். கால்பந்துக் களத்தின் நீளம் 105 மீட்டர். எட்டுப் பாதை கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்தின் மொத்த நீளம் சுமார் 177 மீட்டர். ஆக, கோல் கோட்டுக்கும் ஓடுதளத்தின் வெளி விளிம்புக்கும் இடையே 36 மீட்டர் போய்விடுகிறது. முதல் வரிசை இருக்கையே அதற்கும் அப்பால்தான். ஜுவென்டஸ் அந்த அரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் 2011இல் ஓடுபாதை இல்லாத புதிய அரங்கைத் திறந்தது. சுமார் 41,000 இருக்கைகள்தான். முதல் வரிசைக்கும் களத்துக்கும் இடையே ஏழரை மீட்டர். இருக்கைகளைக் குறைத்துவிட்டு மக்களைக் கிட்டே கொண்டுவந்தார்கள். அரங்கு நிறையத் தொடங்கியது.

சென்னையில் பெரியமேடு நேரு விளையாட்டரங்கின் இடத்தேர்வை நான் எப்போதும் பாராட்டுவேன். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கும் களத்தைச் சுற்றி ஓடுபாதை உண்டு. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை, பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து கத்துவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தடகள வீரர்களுக்கு நல்ல ஓடுதளம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அதைத் தனியாகக் கட்டிக்கொடுங்கள். இரண்டையும் ஒன்றில் திணித்தால் இருவருக்குமே அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்கும். கூரை போடும்போது புல்லுக்கு வெயிலும் காற்றும் மிச்சம் வைக்க வேண்டும். இவை பெரும்பாலும் சரியாகவே நடக்கின்றன. எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது வெளியேறும் வழி.

2022 அக்டோபர் 1ஆம் தேதி இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில், கன்ஜுருஹான் அரங்கில் 135 பேர் இறந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. மக்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். சில வாசல்கள் குறுகல், சில திறக்கப்படவே இல்லை. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்குக்கு வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டது நமக்கு இன்னும் பக்கத்தில். அது கிரிக்கெட் கொண்டாட்டம். ஆனால் வாசலுக்கு முன்னால் கூட்டம் நிற்க இடம் வேண்டும் என்ற விதி எல்லா அரங்குக்கும் ஒன்றுதான்.

பிரிட்டனின் அரங்குப் பாதுகாப்பு வழிகாட்டி, வெளியேற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்கிறது. ஒரு மீட்டர் அகலச் சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் போகலாம் என்பது அதன் கணக்கு. இருபதாயிரம் பேர் படிக்கட்டு வழியாக இறங்குவதென்றால் எல்லாப் படிக்கட்டுகளின் அகலத்தையும் கூட்டினால் சுமார் 38 மீட்டர் வர வேண்டும். உங்கள் ஊர் அரங்கின் வரைபடம் பார்வைக்கு வைக்கப்பட்டால் முகப்பின் வண்ணப்படத்தை விட்டுவிடுங்கள். படிக்கட்டுகளின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது அந்த வாசல்களின் சாவி யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள்.

அந்த ஊருக்கு நாங்கள் கடைசியில் எழுதிக்கொடுத்தது, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய விளையாட்டுத் திடலை. சிறிய இடம், பன்னிரண்டாயிரம் இருக்கைகளுக்கு மேல் தாங்காது. அறிக்கையை முடிக்கும் முன், ஒரு மாலையில் திடலின் வாசலிலிருந்து நடைமேடை வரை நண்பர் ஒருவரின் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். வழியில் கடலை வாங்க நின்ற நேரத்தையும் சேர்த்துப் பதினான்கு நிமிடங்கள்.