ஷியா கன்றை நடுவதைவிட, முளைத்ததைக் காப்பாற்றுங்கள்

கானா நாட்டின் வடக்கே, தமாலே பக்கத்தில், மரம் வளர்ப்புத் திட்டத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டிலேயே சோப்பும் கிரீமும் செய்து விற்கிற தோழிகள், ஷியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா வெண்ணெய் பற்றி நிறைய கேட்பார்கள். எது அசல், மஞ்சளா வெள்ளையா, கிலோ என்ன விலை. அந்த மரத்தை யார் வளர்க்கிறார்கள் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பெரும்பாலும் யாருமே வளர்ப்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஷியா தோப்பாக வைத்து வளர்க்கும் மரம் இல்லை. மேற்கே செனகலிலிருந்து கிழக்கே உகாண்டா, எத்தியோப்பியா வரை புல்வெளிக் காடுகளில் தானாக முளைத்து, உழவர்கள் நிலம் திருத்தும்போது வெட்டாமல் விட்டுவைத்த மரங்கள் அவை. நம் இலுப்பையின் குடும்பம்தான். விதையில் எண்ணெய், பழத்தில் இனிப்பு, வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போவது எல்லாம் அதே மாதிரி. முதல் காய்ப்புக்கே 15, 20 வருடம் ஆகும், நிறைந்த காய்ப்புக்கு 40, 50 வருடம், அப்புறம் 200 வருடம்கூட நிற்கும். இன்றைக்கு மழைக்காலத் தொடக்கத்தில் விடிவதற்கு முன்பே போய்ப் பெண்கள் பொறுக்கிக்கொண்டு வரும் கொட்டை, அவர்களுடைய பாட்டி காலத்தில் யாரோ ஒருவர் வெட்ட மனமில்லாமல் விட்ட மரத்திலிருந்து வருவது.

வயலில் நின்று பார்த்தால் பெரிய மரங்கள் நிறையத் தெரியும், இளமரம்தான் கண்ணில் படாது. முன்பு சில வருடம் பயிர் செய்துவிட்டு நிலத்தைப் பல வருடம் தரிசாகப் போடுவார்கள், அந்தத் தரிசில்தான் கன்றுகள் தலையெடுக்கும். இப்போது அப்படிப் போட நிலம் போதவில்லை. டிராக்டர் சட்டிக்கலப்பை கன்றை வேரோடு புரட்டிவிடுகிறது, புல் காய்ந்ததும் தீ வருகிறது, மரக்கரிக்காகக் காய்க்கிற மரத்தையே வெட்டுகிறார்கள், நிற்கிற கிழமரங்களிலும் புல்லுருவி ஏறியிருக்கிறது.

சரி, நாற்றுவிட்டு நடலாமே என்றுதான் நாங்களும் ஆரம்பித்தோம். ஷியா கொட்டையைச் சேமித்து வைக்க முடியாது, விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். முளைக்கும் விதமும் விசித்திரம். முதலில் வேர் போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் இறங்கும், கொஞ்சம் ஆழம் போனபின் அங்கிருந்து ஆணிவேர் கீழேயும் தளிர் மேலேயும் கிளம்பும். மொட்டு மண்ணுக்கடியில் இருப்பதால்தான் தீ மேலே எல்லாவற்றையும் எரித்தாலும் மறுபடி துளிர்க்கிறது. முதல் சில வருடங்கள் சத்தெல்லாம் வேருக்கே போகும், மேலே ஒரு சாண் செடிதான் தெரியும். அப்படிப்பட்ட மரத்தை பாலித்தீன் பையில் வளர்த்தால் ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டுகொள்கிறது. நாங்கள் மழையில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை ஹர்மட்டான் காற்று வீசும் வறண்ட மாதங்களைத் தாண்டவில்லை. பத்தடி தள்ளி, யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், எரிந்த தூரிலிருந்து பென்சில் பருமனில் நாலைந்து தளிர்கள் பச்சையாக நின்றன. அவற்றின் வேர் ஏற்கெனவே வருடக்கணக்காக மண்ணில் இருக்கிறது, அதனோடு நம் நாற்று எப்படிப் போட்டி போடும்?

அதற்குப் பிறகு வேலையை மாற்றிக்கொண்டோம். உழவுக்கு முன் நிலத்துக்காரரோடு வயலில் நடந்து, முளைத்திருக்கும் கன்றுகளைத் தேடி, பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். பல தளிர் இருந்தால் திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழிப்போம். தீக்காலத்துக்கு முன் சுற்றிலும் புல்லைச் சுரண்டிவிடுவோம். டிராக்டர் ஓட்டுபவரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும், இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். நைஜர் நாட்டின் மராடி பகுதியில் 1980களில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ விவசாயிகளோடு தொடங்கியதும் வேறு மரங்களில் இதே வழிதான், பிறகு அது பரவி நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது.

பெண்களை விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. நிலம் பெரும்பாலும் ஆண்களுடையது, கொட்டை பெண்களுடையது. பொறுக்கிய கொட்டையை வேகவைத்துக் காயவைத்துவிடுவதால் அதில் ஒன்றுகூட விதையாவதில்லை, விலை ஏறும் வருடத்தில் மரத்தடி சுத்தமாகத் துடைக்கப்படுகிறது. நன்றாகக் காய்க்கும் சில மரங்களின் அடியில் கொஞ்சம் கொட்டையை விட்டுவைப்பது அவர்கள் மனம் வைத்தால்தான் நடக்கும். வெண்ணெய் விற்ற காசு கையில் நின்றால் மரக்கரிக்கு மரத்தை விற்கும் பேச்சு வீட்டில் எடுபடாது, இதை நான் பல வீடுகளில் நேரில் பார்த்தேன்.

வெளிநாடு போகும் கொட்டையில் பெரும்பங்கு சாக்லேட், பேக்கரி கொழுப்புக்குத்தான் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு விதியில் சாக்லேட்டில் 5% வரை அனுமதித்த ஆறு கொழுப்புகளில் ஷியாவும் ஒன்று. அந்தச் சந்தையில் நம் சோப்புக்காரர்களின் குரல் கேட்காது, ஆனால் தான் வாங்கும் டப்பாவைப் பற்றி யாரும் கேட்கலாம். எந்த நாடு, எந்தப் பெண்கள் குழு, அவர்களுக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது, அந்த ஊரில் இளமரம் இருக்கிறதா? விற்பவர் தெரியாது என்றால், அடுத்த முறை வாங்க வருவதற்குள் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.