ரெக்வியம்னா ஒப்பாரி இல்லைங்க

மேற்கத்திய செவ்விசை மேதை மோசார்ட்டோட சாவப் பத்தி எங்க படிச்சாலும் ரெக்வியம்ங்கற வார்த்தை வந்துடும். தமிழ்ல எழுதுறவங்க சிலர் அத அப்படியே விட்டுடுறாங்க, சிலர் ஒப்பாரின்னு போட்டுடுறாங்க. ரெண்டாவது சுத்தமா பொருந்தாது.

லத்தீன்ல ரெக்வியெஸ்னா ஓய்வு, இளைப்பாறல். அதோட நம்ம இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ மாதிரி ஒரு உருபு சேர்ந்தா ரெக்வியெம். கத்தோலிக்கக் கோயில்ல இறந்தவங்களுக்காக வைக்கற பூசை ‘ரெக்வியெம் எத்தெர்னாம்’னு ஆரம்பிக்கும், அந்த முதல் வார்த்தையே பூசைக்கும் அதுக்குப் போட்ட இசைக்கும் பேராயிடுச்சு, ஆத்திசூடி, கொன்றை வேந்தனுக்கெல்லாம் பேர் வந்த கதைதான்.

மோசார்ட் விஷயம் என்னன்னா, 1791 பிப்ரவரியில வால்செக்னு ஒரு ஆஸ்திரியப் பிரபுவோட மனைவி இறந்துபோறாங்க, அவங்களுக்காக ரெக்வியம் எழுதித் தரச் சொல்லி அந்த ஆள் தன் பேர மறைச்சு இன்னொருத்தர் மூலமா மோசார்ட்கிட்ட கேட்டனுப்புறார், காசு குடுத்து வாங்குன இசைய தன்னோடதுன்னு சொல்லிக்கற பழக்கம் அவருக்கு. எழுதி முடிக்கறதுக்குள்ள டிசம்பர் 5ஆம் தேதி வியன்னாவுல மோசார்ட்டே போய்ட்டார், வயசு 35தான். ரெக்வியத்துல வர்ற ‘லாக்ரிமோசா’ பகுதி அவர் கையெழுத்துல எட்டு பாரோட (பார்னா தாளக் கட்டம்) நின்னுடுது. மிச்சப் பணம் வரணுமேன்னு மனைவி கான்ஸ்டான்ஸ் ஆள் தேடுனாங்க, கடைசியில முடிச்சுக் குடுத்தது மோசார்ட்டோட உதவியாளர் சூஸ்மயர். அந்தக் காலத்து இன்னொரு இசையமைப்பாளர் சாலியேரி மோசார்ட்டுக்கு விஷம் வச்சார்ங்கறதெல்லாம் சும்மா கட்டுன கதை, விடுங்க. 1849ல பாரிஸ்ல இசையமைப்பாளர் ஷோபான் இறந்தப்போ மாத்லேன் கோயில் அடக்கப் பூசையில பாடுனதும் இதே ரெக்வியத்தத்தான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ஒப்பாரி செத்தவங்களப் பாத்தே பாடறது, ‘என்னப் பெத்த ராசா’ன்னு. ரெக்வியம் கடவுளப் பாத்து வேண்டறது. கையறுநிலை, பாரி செத்தப்போ அவன் மகள்கள் பாடுன மாதிரி, இருக்கறவங்களோட தவிப்பு. இலங்கையில சொல்ற சரமகவி இறந்தவரோட பெருமையச் சொல்றது. இது எதுவுமே பூசை கிடையாது.

சரியான வார்த்தை நம்ம ஊர் கத்தோலிக்கர் வாயிலயே இருக்கு. கல்லறைக்குப் போனா ‘நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே’ன்னு சொல்லுவாங்கள்ல, அது அந்த லத்தீன் வரியோட தமிழ்தான், ரெக்வியெம்ங்கற இடத்துல அச்சு அசலா ‘இளைப்பாற்றியை’, வேற்றுமை உருபு உட்பட! இளைப்பு, அத ஆத்தறது இளைப்பாற்றி. அதனால இசைய இளைப்பாற்றி இசைன்னும் பூசைய இளைப்பாற்றித் திருப்பலின்னும் எழுதலாம்ங்கறது என் கட்சி.

ஒரே சிக்கல் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ். அம்மா 1865ல இறந்தப்புறம் அவர் எழுதுன ஜெர்மன் ரெக்வியத்துல லத்தீன் பூசையே கிடையாது, ஜெர்மன் பைபிள்லேர்ந்து வரிகள எடுத்துக்கிட்டார், ஆரம்பிக்கறதே துயரப்படறவங்க பேறுபெற்றவங்கன்னு. இருக்கறவங்களத் தேத்தற இசை அது, அதுக்கு மட்டும் நான் ஆறுதல் இசைன்னு போடுவேன்.