பிழை எந்தப் படியில்?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “மகள் ஓ.எல். சோதனை எடுக்கப்போகிறாள். இங்கிலிஷ் வாசித்தால் விளங்குது. எழுதச் சொன்னால் ரியூசனில் பாடமாக்கிய கட்டுரையைத்தான் எழுதுகிறாள். தலைப்பு மாறினால் பேனை நின்றுவிடுது. என்ன செய்யலாம்?”

வாசிக்கும்போது சொற்கள் கண்முன்னே இருக்கின்றன. எழுதும்போது கருத்து, சொல், எழுத்துக்கூட்டல், காலம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் சற்று நேரம் பிடித்துவைக்கும் மூளையின் இடமான செயல்நினைவோ மிகச் சிறியது. போதாததற்கு, தமிழில் கடைசியாக வரும் வினை ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிட வேண்டும். இவ்வளவு சுமையில் பிள்ளை பாடமாக்கிய பந்தியைப் பிடித்துக்கொள்வது இயல்பு. சோம்பல் என்று ஏசாதீர்கள்.

திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்ற சுற்றில் மாணவர் தம் கற்றலைத் தாமே நடத்தலாம் என்றவர் அமெரிக்க உளவியலாளர் பாரி சிமர்மன். அவரும் அனஸ்தாசியா கிட்சாண்டாஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு மிகவும் பிடித்தது. உயர்நிலைப் பள்ளி மாணவிகளிடம் சின்னச் சின்ன வாக்கியங்களைக் கொடுத்து, குறைந்த சொற்களில் ஒன்றாக்கச் சொன்னார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு இப்படிக் கொடுக்கலாம்: “ஹி இஸ் மை அங்கிள். ஹி லிவ்ஸ் இன் கொக்குவில். ஹி இஸ் எ கார்பென்டர்.” மொத்தம் 12 சொற்கள். முக்கியமானதற்குக் கோடிட்டு, திரும்ப வருவதை வெட்டி, மிச்சத்தை இணைத்தால், “மை அங்கிள் இன் கொக்குவில் இஸ் எ கார்பென்டர்.” 7 சொற்கள்.

ஒரு குழுவுக்குச் சொற்களைக் குறைப்பதே இலக்கு. இன்னொரு குழுவுக்குக் கோடிடுவது, வெட்டுவது, இணைப்பது போன்ற படிகளைச் சரியாகச் செய்வதே இலக்கு. மூன்றாவது குழு முதலில் படிகளில் கவனம் வைத்து, அவை கைவந்தபிறகு சொல் எண்ணிக்கைக்கு மாறியது. அந்த மூன்றாவது குழுதான் முன்னுக்கு வந்தது. படிக் குழு அடுத்தது. எடுத்த எடுப்பிலேயே விளைவைப் பார்த்தவர்கள் அதற்கும் பின்னால்.

ஏன்? புதிதாகப் பழகுபவர் விளைவை மட்டும் பார்த்தால், தோற்றது தெரியும், எங்கே தோற்றது என்று தெரியாது. “எனக்கு இங்கிலிஷ் ஓடாது” என்று தன்மேலேயே பழியைப் போடுவார். படிகளைப் பார்ப்பவருக்கோ, “வெட்டவேண்டியதை வெட்டாமல் விட்டேன்” என்று பிழையின் இடம் தெரிகிறது. அதை அடுத்த முறை திருத்தலாம். பழகப் பழகப் படிகள் தாமாக ஓடத் தொடங்கும். செயல்நினைவில் இடம் மிஞ்சும். விளைவைப் பார்க்க அதுதான் நேரம்.

புள்ளி குறைந்தால் புதன் சரியில்லையோ என்று குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியிடம் போகும் வழக்கம் எனக்குக் கவலை தருவது இதனால்தான். பிள்ளை தன் கையால் திருத்தக்கூடிய பிழையைக் கிரகத்தின் தலையில் போடக் கற்றுக்கொள்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளிடம் இந்த முறையைச் சோதித்துப் பார்க்க, யாழ்ப்பாணத்திலேயே ஆய்வுக்குக் காசு ஒதுக்க வேண்டும்.

சரி, மகளுக்கு என்ன செய்வது? தினமும் அவளுடைய சொந்த விஷயத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதட்டும். கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் போட்டு, முடித்ததும் சரி அடையாளம் இடவேண்டும். படிகளைப் பார்க்காமலே செய்ய வந்தபிறகு, சொற்களை எண்ணச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு முழுப் பந்தி. அடையாளத்தை நீங்கள் போடாதீர்கள். அந்த ஆய்வில், தாங்களே குறித்துவைத்தவர்கள்தான் குறிக்காதவர்களைவிட நன்றாக எழுதினார்கள்.